சாக்கட்டி வட்டங்கள்

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன்.

இதைச் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேத்தி சாந்தி பேனாவை நிறுத்திவிட்டாள்.

"ஏழுதானே ஆயா? பெரியப்பா ரெண்டு பேரு, எங்கப்பா, சித்தப்பா ஒருத்தரு, அத்தைங்க மூணு பேரு."

"கணக்கு நல்லாத்தான் போடற. எட்டுன்னு எழுது."

"படிக்கிறவங்க தப்புன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். பெத்தவ நானு."

எழுதிவிட்டாள். முகத்தில் சம்மதம் இல்லை.

எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் வாசிக்க வரும். கடைப் பலகை, ரயில் நிலையத்தின் பேர், அந்த அளவு. அதனால் சொல்வது நான், எழுதுவது அவள். நான் 'போய்ட்டான்' என்றால் அவள் 'போய்விட்டான்' என்று எழுதுகிறாள். பத்திரிகைக்கு அப்படித்தான் வேண்டுமாம். போகிறவன் எப்படியும் போகத்தான் போகிறான் என்று நான் விட்டுவிட்டேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், எங்கள் வீட்டு உள்ளறையில் தோலில் வரைந்த ஒரு படம் தொங்குவதாகப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். வேலூர்ப் பக்கம் வந்தபோது யாரோ கூட்டிவந்து அந்தப் படத்தைக் காட்டினார்களாம். வெறும் வட்டமாக இருக்கிறதே, அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

மூக்கு எப்படி இருந்தது?

ஒரு காலை. மழை விட்டு, பாலாற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரிய ஆரம்பித்திருந்த சமயம். என் வீட்டுக்காரர் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றைப் பலகையில் இழுத்து ஆணியடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். கரித்துண்டைக் கையில் எடுத்தார். நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுமே" என்றார்.

"இன்னா சொல்றது?"

"அஞ்சலைக்கு மூக்கு எப்டி இருந்துச்சி?"

முறத்தைக் கீழே வைத்தேன்.

அஞ்சலை எங்கள் நாலாவது பிள்ளை. ஐந்து வயது முடியவில்லை. ஜுரம் வந்து ஏழாம் நாள் போய்விட்டாள். போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் முகத்தை ஒரு படமாக வரைந்து கொடுங்கள் என்று கேட்டது நான்தான். வேறு எதுவும் அவரிடம் நான் கேட்டதில்லை. அவள் முகம் எங்கும் இல்லை. ஒரு போட்டோ கிடையாது. என் கண்ணுக்குள் இருந்தது. அதுவும் நாளுக்கு நாள் பழந்துணிபோல வெளுத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் கரித்துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வர மாட்டேங்குது" என்றார்.

காளையின் சுழி

அவர் அப்படிச் சொன்னதன் கனம் புரிய வேண்டுமென்றால், அவர் யார் என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லிப் பழக்கமில்லை. படங்களின் மூலையில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் மதராசுக்குப் போய், படம் வரையச் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தார். திரும்பி வந்து ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தார். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேர். கப்பலுக்குப் போகும் தோல் கட்டுகளின்மேல் ஷாப்பின் மார்க்கைப் போடுவது அவர் வேலை. எங்கள் ஷாப்பின் மார்க் மான்.

மற்ற ஷாப்புகளில் அச்சில் மை தடவி அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கட்டுக்கு ஒரு மான் வரைவார். ஒன்று திரும்பிப் பார்க்கும். ஒன்று காதைச் சொறியும். ஒன்று, யாரோ வருகிற சத்தம் கேட்ட மாதிரி நிற்கும்.

"சீமையில இறங்கினதும் கிழிச்சிப் போடற சாக்கு. அதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?" என்று கேட்டேன்.

"மானுக்கு அது தெரியாதே" என்றார்.

மீதி நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். ஏலகிரி மலையை வரைந்தார். ஆவாரஞ்செடியை வரைந்தார். ஒரு ஈர்க்கில் எத்தனை ஜோடி இலை என்று எண்ணி, அத்தனையும் வரைந்தார். ஒரு இலை பூச்சி அரித்திருந்தால் படத்திலும் அரித்திருக்கும்.

ஒரு தடவை அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் காளையை வரையச் சொல்லிக் கூட்டிப்போனார். முடிந்த படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. முதுகுல அந்தச் சுழிய மட்டும் எடுத்துடு. நாளைக்கு எவனாவது பார்த்தா மாட்டுக்குக் கெட்ட பேரு" என்றாராம்.

"காளைக்கு இருக்குது. படத்துக்கும் இருக்கணும்" என்று இவர் சொல்லிவிட்டார்.

விவசாயி படத்தை வாங்கவில்லை. சில வருஷம் அந்தக் காளை எங்கள் சமையலறையில் நின்றது.

அப்படிப்பட்டவர், பெற்ற பெண்ணின் மூக்கை என்னிடம் கேட்டார்.

அதற்கு முந்தின வருஷம், வேலூரில் போட்டோ பிடிக்கிற கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னேன். "நான் ஒருத்தன் இருக்கச்சொல்ல போட்டோ எதுக்குமே?" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. போய்ப் பக்கத்து வீட்டு பீவியிடம் சொன்னேன். ஆனால் மானுக்கும் காளைக்கும் கிடைத்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வரையலாம் என்று இருந்துவிட்டார். அதிலும் அஞ்சலை ஒரு இடத்தில் உட்காருகிற ஜாதி இல்லை.

அப்பாவின் சாக்கட்டி

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்வேன்.

என் அப்பா தோல் ஷாப்பில் ரகம் பிரிக்கிறவர். தோலை விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். முள் கீறின இடம், உண்ணி கடித்த இடம், அம்மை போட்ட இடம், உரிக்கும்போது கத்தி இறங்கின இடம், எங்கே குறை இருந்தாலும் சாக்கட்டியால் வெள்ளையாக ஒரு வட்டம் போடுவார். நல்ல இடத்தில் ஒன்றும் போட மாட்டார். தோல் ஷாப்பில் யாரும் நல்லதைச் சுட்டிக்காட்டுவது கிடையாது. வட்டம் இல்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவருக்குக் கண் மங்கின பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து வட்டம் போட்டேன். பள்ளிக்கூடம் போகவில்லையே தவிர, தோல் எனக்கு வாசிக்க வரும். கை வைத்தால் அந்த ஆடு மலையில் மேய்ந்ததா, வயல் வரப்பில் மேய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்வேன். போன மாதம் சாந்தியின் புதுக் கைப்பையைத் தடவிப் பார்த்து, பாவம், கடைசிக் காலத்தில் பட்டினி கிடந்த ஆடு என்றேன். அன்றிலிருந்து அவள் அதைத் தூக்குவதில்லை.

இவர் வரைவதும் தோலில்தான். படம் வரைகிற கித்தான் துணி மதராசிலிருந்து வரவேண்டும். கழித்துப்போட்ட தோல் இங்கேயே கிடந்தது. முதலில் எல்லாம், தழும்பு தெரியாமல் வஜ்ஜிரப் பசை பூசி மறைத்து மேலே வரைவார். பிறகு மறைப்பதை விட்டார். முள் கீறின கோடு ஒன்று தோலின் குறுக்கே ஓடினால், அதையே ஏலகிரியின் விளிம்பாக வைத்துக்கொண்டார்.

"மலையப் பார்த்து வரையறீங்களா, கீறலப் பார்த்து வரையறீங்களா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல" என்றார்.

அப்போதே நான் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினோரு நாள்

நான் சொன்னேன், அவர் வரைந்தார். முதல் நாள் ஒரு முகம் வந்தது. நல்ல அழகு. கோயிலில் வைக்கலாம்.

"இது யாரு?" என்றேன்.

"எங்க தப்பு, சொல்லு."

"மூக்கு தடிப்பு."

"எந்த இடத்துல?"

மாடத்தில் அப்பாவின் சாக்கட்டி இருந்தது. எடுத்துவந்து மூக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. தோலும் குறையும் எதிரில் இருந்தால் என் கை அதைத்தான் செய்யும்.

அவர் என்னைப் பார்த்தார். வட்டத்துக்குள் இருந்த கரியை விரலால் துடைத்துவிட்டு வேறு மூக்கு வரைந்தார்.

மறுநாள் புருவம். "இடது புருவத்துல நடுவுல வெட்டு இருக்கும். ஆவாரம்பட்டை இடிக்கிற உரல் மேல வுழுந்தாளே." ஒரு வட்டம். அதற்கடுத்த நாள் காது. வலது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், காற்று வாங்குகிற மாதிரி. ஒரு வட்டம். மோவாய்க்கு இரண்டு வட்டம். நெற்றி மயிருக்கு ஒன்று.

பீவி வந்து பார்த்தாள். "நல்லாத்தானேக்கா இருக்குது. இன்னா பேஜார் உனக்கு?"

"எங்க பாப்பா இல்ல இது."

"வேற யாரு?"

"அதான் எனக்கும் தெரியல."

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ வாய்க்கு வந்தோம். சாவதற்கு முந்தின மாதம் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் விழக்கூடாது, ஆனால் அவள் எதற்கும் காத்திருக்க மாட்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

எனக்கும் ஞாபகம் வரவில்லை.

"நீங்க சொல்லுங்க. நீங்களும்தானே இருந்தீங்க" என்றேன்.

"நான் பார்க்கல."

"காளைக்குச் சுழி எங்க இருக்குதுன்னு பார்க்கத் தெரிஞ்சுதே."

அது சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். பல்லைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பதினோராம் நாள், சாக்கட்டியை வைத்துக்கொண்டு அடுத்த குறையைத் தேடினேன். வட்டம் போட இடம் இல்லை. வட்டத்துக்குள் வட்டம், வட்டத்தின்மேல் வட்டம். முகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"பல்லு இன்னும் சரியில்ல" என்றேன்.

மறுநாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் சாக்கட்டி வட்டங்களின்மேலேயே வெள்ளைப் பெயிண்டால் வட்டம் போட்டிருந்தார். ஒன்றுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கை நடுங்கின இடத்தில் அவர் கோடும் நடுங்கியிருந்தது. சாயங்காலம் பெயிண்ட் காய்ந்ததும் துணியை எடுத்துக் கரியை எல்லாம் துடைத்துவிட்டார். பழுப்புத் தோலில் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் கறை, அதன்மேல் வட்டங்கள். அவ்வளவுதான்.

"முகம் எங்க?" என்றேன்.

"எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"அது அவ இல்லன்னு பதினோரு நாளா நீதானே சொன்ன?"

"அப்ப இந்த வட்டம் மட்டும் எதுக்கு?"

"அதுல மட்டும்தான் தப்பு இல்ல" என்றார்.

பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லாத நாளிலும் அவர் கேட்கவில்லை.

வந்தவர்களுக்குச் சொன்னது

அந்தப் படத்தை அவர் உள்ளறையில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்காமல் இருப்பார்களா? என் வீட்டுக்காரருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நான் சொல்ல முடியுமா? அவரோடு பேசாவிட்டாலும், அவரை விட்டுக்கொடுக்க முடியாது.

பீவி கேட்டபோது, பாலாற்று மணலில் தண்ணீருக்குத் தோண்டும் ஊற்றுகள் என்றேன். "அட, அப்டியே இருக்குதேக்கா" என்று தெரு முழுக்கச் சொன்னாள். என் தம்பி கேட்டபோது, புளியமரத்தின்மேல் ஏறிப் பார்த்தால் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிகள் இப்படித்தான் தெரியும் என்றேன். அவன் ஏறிப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றான். வேறொருத்திக்குக் கோலம், இன்னும் முடியவில்லை என்றேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. எதைச் சொன்னாலும் அது அங்கே இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் இலை வரைவதை விட்டார். மலை ஒரே கோடாயிற்று. கொஞ்ச நாளில் கோடும் போய், மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று நின்றது. கட்டுகளின்மேல்கூட முழு மான் இல்லை, இரண்டு கொம்பு மட்டும்தான். வண்டிக்காரர்களுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கொம்பு ஷாப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மதராசில் அவரோடு படித்த ஒருவர், டிராயிங் வாத்தியாராக இருந்தவர், ஒரு நாள் வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்தார். சீமையிலும் இப்போது சிலர் இயற்கையை விட்டுவிட்டு இப்படி வரைய ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். அங்கேயும் வீட்டுக்காரிகள் இருப்பார்களே, வருகிறவர்களுக்கு அவர்கள் என்ன சொல்லிச் சமாளிக்கிறார்களோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"உன் மாதிரி இலை வரைய ஆள் கிடையாது. எதுக்குப்பா வுட்ட?" என்று வாத்தியார் கேட்டார்.

"காளைக்குச் சுழி போட்டேன். பொண்ணுக்கு எந்தப் பல்லுன்னு தெரியல. இனிமே தெரிஞ்சத மட்டும் வரையலாம்னு இருக்கேன்" என்றார் இவர்.

வாத்தியார் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயபு வந்த நாள்

ஒரு வருஷம் போயிருக்கும். தோல் ஷாப்பின் முதலாளி சாயபு புது வீடு கட்டி முடித்தார். முன்கூடத்தில் மாட்டப் படம் வேண்டும் என்று அவரே நேரில் வந்தார். உயிருள்ளது எதையும் வரைந்து அவர்கள் வீட்டுக்குள் மாட்டுவதில்லை. அது அவர்கள் வழக்கம். மான் எல்லாம் கட்டோடு நின்றுவிடும்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தவர், வட்டங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது நல்லா இருக்குது. பார்த்தா மனசு அடங்குது" என்றார். "இதுல உயிர் ஒண்ணும் இல்லையே?"

சாயபு ஒன்று கேட்டு அந்தத் தெருவில் யாரும் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார் என்று தெரிந்தது.

எனக்கு அந்தப் படம் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றுதான் இருந்தது. கொடுப்பதைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று முந்தானையால் தூசி தட்டினேன். ஒரு வருஷத்தில் நான் அதைத் தொட்டது அப்போதுதான்.

கை தோலில் பட்டதும் தானாகத் தடவ ஆரம்பித்தது. பெயிண்ட் மேடு விரலில் தட்டியது. இந்த வட்டம், மூக்கு இவ்வளவு தடிப்பு இல்லை. மெலிசு, நுனி மட்டும் கொஞ்சம் தூக்கினாற்போல. இந்த வட்டம் புருவம், இங்கே வெட்டு. இது காது. இது மோவாய். அப்பா தோலை வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போனேன். கடைசி வட்டத்தில் கை நின்றது.

மேல் வரிசை. இடது பக்கம். உதட்டின் இடது ஓரத்தில் துளி ரத்தம். பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். சாணத்தில் உருட்டிக் கொடுத்தேன், அவள் அப்பாதான் கூரைமேல் போட்டார். கூரைமேல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவள் தலையைத் தூக்கினபோது முழு முகமும் என் பக்கம் இருந்தது.

"இத்தக் குடுக்க முடியாது சாயபு" என்றேன்.

"ஏம்மா?" என்றார் சாயபு.

"இதுல ஆள் இருக்குது."

சாயபு படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார்.

"இன்னா வயசு?" என்றார்.

"அஞ்சு முடியல."

பலகையின் ஓரத்தில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "அப்ப எங்க வூட்ல மாட்டக்கூடாதும்மா. இங்கயே இருக்கட்டும்" என்றார். இரண்டு நிறமாக நின்ற மலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பினதும் நான், "இடது பக்கம்" என்றேன்.

"இன்னாது?"

"பல்லு. நீங்கதான் கூரை மேல போட்டீங்க."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"வரையட்டுமா?" என்றார்.

"வேணாம்" என்றேன்.

ஜோலார்பேட்டைக்காரருக்கு இதுதான் பதில்.

இதுவரை எழுதிவிட்டு சாந்தி எழுந்து உள்ளறைக்குப் போனாள். போனவள் உடனே வரவில்லை. நான் வெற்றிலை போட்டு முடித்தபோது வந்து உட்கார்ந்தாள். விரலில் தூசி இருந்தது.

"மொதல்லேந்து படி, கேக்கறேன்" என்றேன்.

படித்தாள். வயது வந்தது. எட்டுப் பிள்ளைகள் வந்தது. அதற்கு அடுத்த வரியில் நின்றாள்.

"இந்த எடத்துல நான் ஏழுன்னு சொன்னது இருக்குது ஆயா. தப்பு. அடிச்சிடட்டா?"

"இருக்கட்டும்" என்றேன். "மேல படி."